ஜன்னலருகே நின்றவர்கள்

பெரும் நாகரிகங்கள் யாவும் எழுதப்படாத விதிகளின் மீதே நிற்கின்றன. நோவி சாத் நகரில், கதை சொல்லும் வீடியோ விளையாட்டுகளைச் சொந்தச் செலவிலும் சொந்தச் சோகத்திலும் உருவாக்கும் கலைஞர்களின் நாகரிகம் ஒரேயொரு விதியின் மீது நிற்கிறது: ஒருவர் ஒரு விளையாட்டின் முடிவைப் புகழ்ந்தால், அந்த முடிவில் என்ன நடக்கிறது என்று அவரைக் கேட்கலாகாது.

இவ்விதியை எவரும் இயற்றவில்லை. எவரும் மீறியதும் இல்லை. இதன் நிழலில்தான் அந்நகரின் நட்புகள் தழைத்தன, விருதுகள் வழங்கப்பட்டன, குழந்தைகளுக்கு ஞானத் தந்தையர் வாய்த்தனர்.

விதிக்குத் துணையாக ஒரு சடங்கும் இருந்தது. நண்பரின் விளையாட்டு வெளியாகும் நாளிலேயே அதை வாங்க வேண்டும். வாங்கியதைக் கம்ப்யூட்டரில் திறந்து ஓடவிட வேண்டும். பிறகு எழுந்து சமையலறைக்குப் போய்விட வேண்டும். ஒவ்வொருவரும் எவ்வளவு நேரம் விளையாடினார் என்பதை அவரவர் பெயருக்குப் பக்கத்திலேயே ஊரறியக் காட்டிவிடும் குணம் விற்பனைத் தளத்துக்கு இருந்தது. ஆகவே நேரம் குறைந்தால் நட்பும் குறையும். இதை வஞ்சகம் என்று சொல்வோர் கலையை அறியாதவர்கள். ஒரு படைப்பை எவ்விதக் குறுக்கீடும் செய்யாமல் தனியே இருக்க விடுவதைவிட உயர்ந்த மரியாதையை எந்தத் திறனாய்வுப் பள்ளியும் இதுவரை முன்மொழியவில்லை.

ஸோர்க்கா இந்நாகரிகத்தின் நற்குடிமகள். விமர்சகர் வட்டத்தின் தலைவரான ஸ்தேவான் மாமா உருவாக்கிய "சுண்ணாம்பின் துக்கம்" என்ற விளையாட்டு அவள் வீட்டில் இரண்டு சனிக்கிழமைகள் ஓடியது. அதற்குள் அவள் வீட்டுத் திரைச்சீலைகள் அனைத்தையும் துவைத்து, காயவைத்து, மாட்டிவிட்டாள். பிறகு உட்கார்ந்து, "முடிவில் உறைந்துபோனேன்" என்று எழுதினாள். திரைச்சீலைகளும் பளிச்சென்று இருந்தன. மனசாட்சியும் பளிச்சென்று இருந்தது.

அப்படிப்பட்டவள் பங்கேற்று உருவாக்கிய விளையாட்டுதான் "ஈரம் காயாத அறை".

கதையையும் வசனத்தையும் எழுதியவர் தீஹோமிர். ஸோர்க்காவின் மகளுக்கு ஞானத் தந்தை அவர். ஆதலால் அவள் அவரைக் "கும்பாதிரி" என்றே அழைப்பாள். அந்த ஊரில் அவ்வுறவு இரத்த உறவைவிடக் கெட்டியானது. அண்ணனோடு சண்டை போடலாம், கும்பாதிரியோடு போட முடியாது. மழைச் சத்தத்தை உருவாக்கியவன் ராதோவான். மற்ற அனைத்தையும், அதாவது விளையாட்டை, உருவாக்கியவள் ஸோர்க்கா.

நாயகி மிரா இறந்த தந்தையின் ஆற்றங்கரை வீட்டுக்குத் திரும்பி, ஜன்னலருகே நிற்கிறாள். வெளியே மழை. அங்கிருந்துதான் பிரதி தொடங்குகிறது. கன்ட்ரோலரைத் தொட்டால் அவள் நடப்பாள். ஓடமாட்டாள்; "துக்கம் ஓடாது" என்பது தீஹோமிரின் கோட்பாடு. நடக்கும் வேகத்தைக் குறைக்க மட்டும் ஒரு பொத்தான் தரப்பட்டிருந்தது. தொலைபேசி ஒலிக்கும், எடுத்தால் அத்தை, "சாப்பிட்டாயா?" என்று கேட்பாள். ஆம், இல்லை, தெரியாது, மௌனம் என்று நான்கு பதில்கள் விளையாடுபவர் முன் விரியும். எதைத் தேர்ந்தாலும் அத்தை, "உன் அப்பாவும் இப்படித்தான்" என்பாள். மற்ற விளையாட்டுகள் மனிதனுக்குத் தேர்வுச் சுதந்திரம் உண்டு என்று பொய் சொல்கின்றன. இப்பிரதியோ அந்தப் பொய்யை அத்தையின் வாயால் கட்டுடைத்தது. அத்தை அடிக்கடி அழைத்தாள்.

ஆனால் முடிவு வேறு மாதிரி. தோட்டக் கதவைத் தாண்டினால் படித்துறை. மூடுபனிக்குள்ளிருந்து துடுப்புப் போட ஆளில்லாத படகு ஒன்று மெல்ல மிதந்து வரும். அதில் தந்தையின் கிழட்டு நாய் தனியாக உட்கார்ந்திருக்கும். கரையில் இறங்கி, உடம்பைச் சிலிர்த்துத் தண்ணீரை உதறி, மிராவின் காலடியில் படுத்துக்கொள்ளும். அவ்வளவுதான். அக்காட்சிக்கு வசனம் எழுத வேண்டிய வாரத்தில் தீஹோமிருக்குக் கடும் பல்வலி. எனவே அது வசனமின்றித் தப்பித்தது. அந்த நாயின் வலது காது மடங்கியிருந்து பிறகு நிமிரும் விதத்துக்காக மட்டும் ஸோர்க்கா ஒரு குளிர்காலம் முழுவதையும் கொடுத்திருந்தாள். இத்தனை ஆண்டு உழைப்பில் அவள் வெட்கப்படாத ஒரே பொருள் அந்தக் காது.

விளையாட்டு மிளகாய்ப் பருவத்தில் வெளியானது. நகரத்தின் ஒவ்வொரு சமையலறையிலும் குடமிளகாயைச் சுட்டு, தோலுரித்து, குளிர்காலத்துக்கான துவையலைக் கிளறிக்கொண்டிருந்த செப்டம்பர் அது. அடுப்பை விட்டு நகர முடியாத வேலை. ஆகவே "விளையாடிய நேரம்" வரலாறு காணாத உயரத்தைத் தொட்டது. பாராட்டுகள் குவிந்தன. ஸ்டூடியோவின் செய்திக்குறிப்பில் "இறுதியில் ஒரு படகு வருகிறது" என்று மட்டும் இருந்தது. எல்லா விமர்சனங்களிலும் படகு வந்தது. "படகு கரை சேர்ந்தபோது அழுதேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் அழுதேன்" என்று ஸ்தேவான் மாமா எழுதினார். விமர்சகர் வட்டத்தின் விருதும் வந்தது. அந்நியர்கள் சிலரும் வாங்கி, சற்று நேரத்திலேயே தளத்திடம் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அந்நியர்களுக்கு நட்பு இல்லை. ஆதலால் ரசனையும் இல்லை.

ஓராண்டு கழித்து, நவம்பரில், தீஹோமிர் கூட்டம் கூட்டினார். ஸ்டூடியோ இயங்கிய அறை முன்பு முடிதிருத்தகமாக இருந்தது. சுவர்க் கண்ணாடிகள் கழற்றப்படவில்லை. ஆதலால் மூவர் கூடினாலே அது பேரவையாகத் தோன்றும்.

திரையில் மிராவின் வீட்டு வரைபடம். விளையாடுவோர் எங்கே அதிக நேரம் கழித்தார்களோ அங்கே சிவப்பு. ஜன்னலருகே ஒரு பெரிய சிவப்புப் பொட்டு. மற்றபடி வீடு முழுவதும், தோட்டம் முழுவதும், பனி பெய்தது போல் வெள்ளை.

"பாத்தீங்களா?" தீஹோமிரின் குரல் தழுதழுத்தது. "ஜனங்க ஜன்னல்கிட்டயே நிக்கிறாங்க. மணிக்கணக்கா. நகர மனசே வரல அவங்களுக்கு."

"ஒருத்தரும் நகரலையா?" என்றான் ராதோவான்.

"ஒரு அடி எடுத்து வைக்கலடா! இப்படி ஒரு தியானம் உலகத்துல வேற எந்த கேம்லயாவது நடந்திருக்கா?"

"மழைச் சத்தம் காரணமா இருக்கலாம்," என்றான் ராதோவான், மிகுந்த அடக்கத்தோடு.

ஸோர்க்கா சிவப்புப் பொட்டையே பார்த்தாள். அவள் மூக்கில் சுட்ட குடமிளகாய் வாசனை ஏறியது. ஒரு நொடியில் அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. தீஹோமிருக்கும் விளங்கியிருக்க வேண்டும்; அவர் குடும்பத்தோடு கிரேக்கக் கடற்கரையில் கிடந்த வாரம் முழுக்க, பூட்டிய வீட்டில் "சுண்ணாம்பின் துக்கம்" ஓடிக்கொண்டிருந்ததே. ஆனால் இந்நாகரிகத்தின் ஆழ்ந்த நம்பிக்கை ஒன்று உண்டு: ஓடவிடப்படுவது பிறர் விளையாட்டு, நம்முடையதை மட்டும் எல்லோரும் விளையாடுகிறார்கள். ஸோர்க்காவும் ஓராண்டாக அப்படித்தான் நம்பியிருந்தாள். எங்கோ, யாரோ ஒருவர், அந்தக் காது நிமிர்வதைப் பார்த்திருப்பார் என்று.

"அதனால," என்றார் தீஹோமிர், "முழுமைப் பதிப்பு ஒண்ணு கொண்டு வர்றோம். ஜன்னல் மட்டும். மத்ததெல்லாம் கவனச் சிதறல். சமையலறை வேண்டாம், தோட்டம் வேண்டாம், படித்துறை வேண்டாம், நாய் வேண்டாம். ஏற்கெனவே வாங்கினவங்களுக்கும் பழசு அழிஞ்சு புதுசு தானா வந்துடும்."

"நாய் ஏன் வேண்டாம்?"

"ஒருத்தரும் அங்க போகலையே, ஸோர்க்கா."

"போகலன்னா எப்படி கும்பாதிரி? எல்லாரும் முடிவப் பாத்து அழுதேன்னுதானே எழுதியிருக்காங்க?"

தீஹோமிர் கண்களை மூடினார். கண்ணாடிகளிலிருந்த தீஹோமிர்களும் மூடினார்கள்.

"முடிவுக்குப் போகாமலே முடிவ உணர்ந்திருக்காங்க. அதுதாம்மா இந்தப் படைப்போட வெற்றி."

"அப்ப அந்த நாயையாவது எனக்குக் கொடுத்துடுங்க. வேற எதுலயாவது வெச்சுக்கறேன்."

"அது உன் நாய் இல்ல. படைப்போட நாய்."

அழுதுவிடக் கூடாது என்பதற்காக அவள் மேசை மேலிருந்த ஆறிப்போன காபியை ஒரே மூச்சில் குடித்தாள். அடியில் தங்கியிருந்த பொடியும் சேர்ந்து போயிற்று.

"ஒருத்தர் நாயப் பாத்தேன்னு சொன்னா?"

"சொன்னா நாய் இருக்கட்டும். ஒரே ஒருத்தர் போதும். ஆனா நிக்கோலஸ் திருநாளுக்குள்ள சொல்லணும். அன்னிக்கு எங்க வீட்டுக் காவல் புனிதர் படத்து முன்னால, மெழுகுவத்தி முன்னால அறிவிக்கப்போறேன். அங்க சொன்ன வார்த்தைய அப்புறம் மாத்த முடியாது, உனக்கே தெரியும்."

தெரியும். ஆகவே அவள் தேடப் புறப்பட்டாள். முடிவைப் பற்றிக் கேட்கலாகாது என்ற விதிக்கு எந்தப் பங்கமும் வராமல், முடிவைப் பார்த்தவரைக் கண்டுபிடிக்க வேண்டும். நுட்பமான ஆய்வுமுறை தேவைப்பட்டது. அவள் நாய்களைப் பற்றிப் பொதுவாக விசாரிக்கலானாள்.

கலங்கரை விளக்கங்களைப் பற்றி மட்டுமே விளையாட்டுகள் செய்யும் கோர்தானாவைத் தொலைபேசியில் பிடித்தாள்.

"ஏண்டி, உனக்கு நாய்னா எப்படி?"

"எதுக்குக் கேக்கற? உன் வீட்டு நாய் குட்டி போட்டுருச்சா? என் தலையில கட்டலாம்னு பாக்கறியா?"

"இல்லடி. சும்மா. நனைஞ்ச நாயப் பாத்தா உனக்கு ஏதாவது… ஞாபகம் வருமா?"

"வரும். கம்பளத்த மாத்தினது ஞாபகம் வரும். ஸோர்க்கா, நீ ஒழுங்காத் தூங்கறியா?"

விருதுக் குழுவிலிருந்த ப்ரேத்ராக் இன்னும் வெளிப்படையாக இருந்தான். "பூனைன்னா சொல்லு, நாளைக்கே வந்து தூக்கிட்டுப் போறேன். நாய் வளக்கற பொறுமை எனக்கில்ல." வார இறுதிக்குள் ஸோர்க்கா ஒரு நாய்க்குட்டியைத் தள்ளிவிடப் பார்க்கிறாள் என்ற செய்தி நகரெங்கும் பரவிவிட்டது. இருவர் வீடு தேடி வந்து, குட்டி என்ன சாதி என்று விசாரித்தார்கள்.

கடைசி நம்பிக்கை ஸ்தேவான் மாமா. காபிக் கடையில் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"மாமா, போன வருஷம் 'ஈரமான முடிவு'ன்னு எழுதியிருந்தீங்களே. அந்த ஈரம்… ரோமத்துல ஒட்டுற மாதிரியான ஈரமா?"

அவர் கோப்பையைக் கீழே வைத்தார். விதியின் விளிம்பில் அவள் கால் வைத்திருப்பது அவருக்குத் தெரிந்தது.

"ஈரம்னா ஈரம்தான், கண்ணு. கிளறிப் பாத்தா காஞ்சுடும்," என்று சொல்லிவிட்டுக் காபிக்கான காசை மேசையில் வைத்துவிட்டு எழுந்தார்.

நிக்கோலஸ் திருநாள் வந்தது. அந்நாளில் எவரையும் அழைப்பதில்லை. எவரும் வராமலிருப்பதும் இல்லை. தீஹோமிரின் மனைவி யெல்கா வாசலில் நின்று ஒவ்வொருவருக்கும் ஒரு கரண்டி இனிப்புக் கோதுமை தந்து உள்ளே அனுப்பினாள். நோன்புக் காலமாதலால் மேசையில் இறைச்சி இல்லை. அடுப்பில் வெந்த அவரை விதையும், ஒரு தட்டையே அடைத்துக்கொண்டு படுத்திருந்த கெண்டை மீனும், பிளம் சாராயமும் இருந்தன. ஒரு மூலையில் புனிதரின் படம், அதன் முன் மெழுகுவத்தி. பக்கத்திலேயே பெரிய டிவி. அதில் "ஈரம் காயாத அறை" ஓடிக்கொண்டிருந்தது. மிரா ஜன்னலருகே நின்றாள். மழை பெய்தது. வந்தவர்கள் முதலில் புனிதரையும், அடுத்து மிராவையும், ஒரே முகபாவத்தோடு வணங்கினார்கள்.

தீஹோமிர் கோப்பையைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"அன்பர்களே, இன்னிக்கு ஒரு முக்கியமான…"

"கும்பாதிரி, ஒரு நிமிஷம்." ஸோர்க்கா டிவிக்குக் கீழிருந்த கன்ட்ரோலரைக் கையில் எடுத்திருந்தாள். "அறிவிக்கறதுக்கு முன்னால எல்லாரும் சேந்து ஒரு தடவ முடிவப் பாத்துடலாமே. எல்லாருக்கும் அவ்வளவு பிடிச்ச முடிவாச்சே."

மறுக்க எவருக்கும் வழியில்லை. அவள் பொத்தானை அழுத்தினாள். மிரா ஜன்னலை விட்டுத் திரும்பினாள்.

"ஐயையோ, அவ நடப்பாளா?" என்று கத்தினாள் யெல்கா, கையில் ரொட்டித் தட்டோடு. "நான் இத்தன நாளா படம்னுல்ல நெனச்சேன்!"

மிரா நடந்தாள். கூடத்தைக் கடந்தாள். மீன் ஆறத் தொடங்கியது.

"கொஞ்சம் ஓட வைக்க முடியாதா?" என்றான் ப்ரேத்ராக்.

"துக்கம் ஓடாது," என்றார் தீஹோமிர்.

"மீனும் ஓடாது, ஆனா ஆறுது," என்றாள் யெல்கா.

தொலைபேசி ஒலித்தது. அத்தை சாப்பாட்டைப் பற்றிக் கேட்டாள். விருந்தினர்கள் உற்சாகமானார்கள். "ஆமான்னு போடு!" "பொய் எதுக்கு, இல்லன்னு போடு!" ஸோர்க்கா "இல்லை" என்று அழுத்தினாள். உன் அப்பாவும் இப்படித்தான், என்றாள் அத்தை. அடுத்த அழைப்பில் "ஆம்" என்று அழுத்தினாள். உன் அப்பாவும் இப்படித்தான்.

"இவளுக்கு வேற பேச்சே கிடையாதா?" என்று ராதோவானின் காதில் முணுமுணுத்தாள் கோர்தானா, பன்னிரண்டு மணி நேரம் விளையாடியதாக ஊரறிந்தவள். பிறகு சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டு, "அதாவது, மறுபடி கேக்கும்போது இன்னும் ஆழமா இருக்கு," என்று உரக்கச் சொன்னாள்.

ஒருவழியாகத் தோட்டம் வந்தது. செடிகளுக்கு நடுவே ஈரப் பாதை. அதன் முடிவில் மரக்கதவு. அதற்கப்பால் படித்துறை, மூடுபனி, படகு. ஸோர்க்கா பொத்தானை அழுத்தினாள்.

பூட்டியிருக்கிறது, என்றாள் மிரா.

மறுபடியும் அழுத்தினாள். பூட்டியிருக்கிறது.

அப்போதுதான் அவளுக்கு நினைவு வந்தது. வெளியீட்டுக்கு முந்தைய வாரம், "சாவி மலிவான குறியீடு, தூக்கிடு" என்று தீஹோமிர் சொன்னார். அவள் சாவியை நீக்கினாள். பூட்டை நீக்கவில்லை. அதன் பிறகு எவரும் சோதித்துப் பார்க்கவில்லை. எழுத்தாளர் தம் பிரதியைத் தாமே விளையாடுவது ஆணவம் என்று தீஹோமிர் கருதினார், ராதோவான் மழையை மட்டும் கேட்டான், அவளோ காதின் நினைவிலேயே மகிழ்ந்திருந்தாள். இந்த ஓராண்டில் உலகத்தில் ஒருவராலும் அக்கதவைத் தாண்டியிருக்க முடியாது. படகு வந்து, காத்திருந்து, யாருமில்லாத கரையைப் பார்த்துக்கொண்டே நின்றிருக்கிறது.

ஒரு பூட்டு இவ்வளவு பேரை ஒரே சமயத்தில் அம்பலப்படுத்துவது அபூர்வம். ஆனால் விமர்சனம் என்னும் துறை இத்தகைய நெருக்கடிகளுக்காகத்தான் தோன்றியது. ஸ்தேவான் மாமா மெல்ல எழுந்தார்.

"பூட்டியிருக்கிறது," என்றார், ஒவ்வொரு எழுத்தையும் ருசித்து. "இதுதான். இதே இடத்துலதான் நான் அழுதேன்."

அறை மூச்சு விட்டது.

"நானும்!" என்றாள் கோர்தானா. "அந்தப் பூட்டு… என்னால தாங்கவே முடியல."

"திறக்காத கதவுதானே நம்ம தலைமுறையோட கதை," என்றான் ப்ரேத்ராக். எங்கிருந்தோ கைதட்டல் எழுந்தது. விருதுகள் எவ்வாறு பிறக்கின்றன என்பதை அறிய விரும்பும் ஆய்வாளர்கள் அந்த நிமிடத்தை அந்த அறையில் நின்று பார்த்திருக்க வேண்டும்.

தீஹோமிரின் கண்கள் பனித்தன. மெழுகுவத்தியின் பக்கம் திரும்பி, கோப்பையை உயர்த்தினார்.

"அப்ப முழுமைப் பதிப்புல ஜன்னலோட இந்தக் கதவும் இருக்கட்டும். அதுக்கு அந்தப் பக்கம் எதுவுமே…"

"மாமா," என்றாள் ஸோர்க்கா.

குரல் பெரிதாக இல்லை. ஆனாலும் கைதட்டல் நின்றுவிட்டது. கன்ட்ரோலரை மேசையில், மீன் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"மாமா, இது பூட்டு இல்ல. பிழை. நான் செஞ்ச பிழை. ஒரு வருஷமா இருக்கு. நான்கூட திரும்ப விளையாடிப் பாக்கல, அதனால எனக்கே தெரியல. இந்தக் கதவத் தாண்டி ஒருத்தராலயும் போயிருக்க முடியாது. ஆனா நீங்க படகு கரை சேந்தப்ப அழுதேன்னு எழுதியிருக்கீங்க."

"ஸோர்க்கா," என்றார் தீஹோமிர் எச்சரிக்கும் குரலில். "திருநாள் அன்னிக்கு…"

"ஒருத்தர் சொன்னாப் போதும்னு நீங்கதானே சொன்னீங்க, கும்பாதிரி? கேட்டாத்தானே சொல்லுவாங்க." அவள் ஸ்தேவான் மாமாவின் பக்கமே திரும்பினாள். அவர் அதற்குள் உட்கார்ந்து, மீனின் முள்ளை மிகுந்த கவனத்தோடு ஆராய்ந்துகொண்டிருந்தார். அவள் கோர்தானாவைப் பார்த்தாள், ப்ரேத்ராக்கைப் பார்த்தாள், கரண்டிகள் அந்தரத்தில் நின்ற மேசை முழுவதையும் பார்த்தாள்.

"கேக்கக் கூடாதுன்னு எனக்கும் தெரியும். கேக்கறேன். கடைசியில படகுல யாரு வந்தா?"